வழி அடைக்கும் இறுக்கம்

எலியின் உடலில் வளர்ந்த புற்றுக்கட்டி ஒன்றை முழுதாக வெளியே எடுக்கிறார்கள். கூரான கத்தியால் நடுவில் ஒரு கீறல், கட்டியின் தடிமனில் 80 சதவீத ஆழம் வரைக்கும். அடியில் மீதிச் சதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு உப்புக் கரைசலில் சற்று நேரம் விட்டுவைக்கிறார்கள். யாரும் இழுக்கவில்லை, யாரும் விரிக்கவில்லை. பழுத்த வெள்ளரிப்பழம் தன்னால் வெடித்து வாய் பிளப்பதுபோல அந்தக் கீறல் அகலத் திறக்கிறது. நடுப்பகுதி புடைத்து எழும்புகிறது, ஓரங்கள் பின்னுக்கு இழுத்துக்கொள்கின்றன. எவ்வளவு திறந்தது என்று அளந்து, திசுவின் கடினத்தையும் கணக்கில் சேர்த்தால், வெட்டுவதற்கு முன் அதற்குள் எத்தனை இறுக்கம் அடைபட்டிருந்தது என்று சொல்லிவிடலாம்.

2012இல் வெளியான ஆய்வு இது. சைப்ரஸைச் சேர்ந்த ட்ரையன்டாஃபிலோஸ் ஸ்டிலியனோபூலோஸும், பாஸ்டன் நகரில் மாசச்சூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனை ஆய்வகத்தை நடத்தும் ராகேஷ் ஜெயினும் சேர்ந்து செய்தது. எலிக் கட்டிகளோடு மனிதக் கட்டிகளையும் இப்படி வெட்டிப் பார்த்தார்கள். ஜெயின் மருத்துவம் படித்தவர் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1972இல் வேதிப் பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்கா போனவர். குழாய், அழுத்தம், ஓட்டம் என்று பயின்ற கண்ணோடு கட்டியைப் பார்த்ததால்தான் இப்படி ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியது என்று நினைக்கிறேன். கத்தி பட்ட கணத்தில் இந்த இறுக்கம் அவிழ்ந்து போய்விடுகிறது. அறுவை மேசையிலிருந்து பரிசோதனைக் கூடத்துக்குத் துண்டுதுண்டாக வந்து சேரும் சதையில் அது மிச்சமிருப்பதில்லை. நுண்ணோக்கியின் கண்ணாடித் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை. எந்த வெட்டு அதை மறைத்துவந்ததோ அதே வெட்டை அளவுகோலாக்கிய சாமர்த்தியத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

இந்த இறுக்கத்துக்குத் திண்ம அழுத்தம் என்று பெயர். புற்றுச் செல்கள் பெருகிக்கொண்டே போகின்றன, சுற்றியுள்ள நல்ல திசு அவ்வளவு சுலபமாக விலகி இடம் விடுவதில்லை. கட்டிக்குள்ளேயே நார் பின்னும் செல்கள் கொலாஜன் இழைகளை இழுத்துக் கட்டுகின்றன. அந்த இழைகளுக்கு நடுவே ஹயலூரோனன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. உப்புவது ஒன்று, உப்ப விடாமல் கட்டிப்பிடிப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதால் நடுப்பகுதி நசுங்குகிறது, ஓரம் விண்ணென்று இழுபடுகிறது. கீறலில் கண்ட புடைப்பும் பின்வாங்கலும் இந்த இரண்டின் சாட்சிகள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு உண்டு. ஒன்று கடினம். மார்பிலோ கழுத்திலோ மருத்துவர் விரல் வைத்து அழுத்தும்போது தட்டுப்படுவது அதுதான். அழுத்தினால் எவ்வளவு அமுங்கும் என்பது கடினம். யாரும் அழுத்தாதபோதும் உள்ளே தேங்கி நிற்கும் விசை திண்ம அழுத்தம். இன்னொன்று திரவ அழுத்தம். கட்டிக்குள் முளைக்கும் ரத்தக் குழாய்கள் ஒழுகல் குழாய்கள். கசிந்த நீரை வடிக்க வேண்டிய நிணநீர்க் குழாய்கள் நசுங்கிக் கிடக்கின்றன. சாதாரணத் திசுவில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் திரவ அழுத்தம் பல கட்டிகளில் 10 முதல் 40 மி.மீ. பாதரசம் வரை ஏறிவிடுகிறது. அது கட்டி முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாக நின்று, விளிம்பில் மட்டும் சட்டென்று விழுந்துவிடுகிறது. உள்ளே எங்கும் ஒரே அழுத்தம் என்றால் உள்ளே ஓட்டம் இல்லை. ஓட்டமெல்லாம் விளிம்பில், அதுவும் வெளிநோக்கி. ரத்தத்தில் ஏற்றிய மருந்து வாசல்வரை வந்து உள்ளே போகாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

திண்ம அழுத்தம் எத்தனை பெரியது? 1997இல் ஜெயின் குழு புற்றுச் செல் உருண்டைகளை அகரோஸ் கூழுக்குள் வளர்த்துப் பார்த்தது. உருண்டை வளர வளரச் சுற்றியுள்ள கூழை அது தள்ளியாக வேண்டும், கூழும் திருப்பித் தள்ளும். ஒரு கட்டத்தில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்தில் இருந்த அழுத்தம் 45 முதல் 120 மி.மீ. பாதரசம். பி.பி. பார்க்கும்போது கைப்பட்டையை இறுக்கி, மேல்கை ரத்த ஓட்டத்தை நிறுத்துவதற்கு ஏற்றும் அழுத்தமும் இந்த மேல் எல்லையை ஒட்டியதுதான். நுண்குழாய்களிலோ ரத்தம் ஏறக்குறைய 15 முதல் 35 மி.மீ. அழுத்தத்தில்தான் ஓடுகிறது. அவற்றை மூட இதில் பாதி போதும்.

ஆனால் போதும் என்று கணக்கு சொல்வது வேறு, அதுதான் நடக்கிறது என்று காட்டுவது வேறு. கட்டிக்குள் குழாய்கள் நசுங்கிக் கிடப்பதை முன்பே பலர் கண்டிருந்தார்கள். நசுக்குவது எது? திரவமா, நாரா, செல்களா? 2004இல் டிமத்தி படேரா என்ற இளம் ஆய்வாளர், ஜெயின் ஆய்வகத்தில், இதற்குக் கண்டுபிடித்த வழியைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு அழகு. எலிக்குள் மனிதப் புற்றுக்கட்டி வளர்க்கப்படுகிறது. கட்டியின் செல்கள் மனிதச் செல்கள். அதற்குள் ஊடுருவி வளரும் ரத்தக் குழாய்கள் எலியினுடையவை. இப்போது டிப்தீரியா நச்சு. தொண்டை அடைப்பான் நோயை உண்டாக்கும் கிருமியின் நச்சு இது. மனிதச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் இது உள்ளே நுழையும். எலியிடமும் அந்தப் புரதம் உண்டு, ஆனால் நச்சு பிடிக்கும் இடத்தில் அமைப்பு சற்றே மாறியிருப்பதால் பிடி கிடைப்பதில்லை. ஆகவே நச்சைச் செலுத்தினால் மனிதச் செல்கள் மட்டும் சாகின்றன. குழாய்ச் சுவர்களை நச்சு தொடுவதே இல்லை. நசுக்குவது செல்கள்தான் என்றால், அவை ஒழிந்ததும் குழாய்கள் திறக்க வேண்டும்.

திறந்தன. இரண்டு விலங்குகளுக்கு இடையே ஒரு புரதத்தில் இருக்கும் சின்ன வேறுபாட்டை வைத்துக்கொண்டு, ஒரே சதைக்குள் நசுக்குகிறவரையும் நசுங்குகிறவரையும் பிரித்துக் காட்டிய சோதனை அது.

அதில் ஒரு சின்னச் செய்தி மனசில் தைத்தது. ரத்தக் குழாய்கள் திறந்ததோடு நிணநீர்க் குழாய்களின் உட்புறமும் திறந்தது. ஆனால் நிணநீர் ஓடவில்லை. வடிகால் திறந்தும் வடியவில்லை. நோய் எதிர்ப்பைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு. டென்ட்ரைட் செல்கள் என்று கிளைக்கைகள் கொண்ட காவல் செல்கள் உண்டு. கட்டியிலிருந்து புற்றின் அடையாளத் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு அவை நிணநீர்க் குழாய் வழியாகப் பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போக வேண்டும். அங்கே காத்திருக்கும் டி செல்களுக்கு அதைக் காட்டினால்தான் எதிர்ப்புப் படை திரளும். கட்டியின் நடுவில் வேலை செய்யும் நிணநீர்க் குழாய் இல்லையென்றால் தகவல் முழுவதும் விளிம்பை நம்பியே போக வேண்டியிருக்கிறது. எதிரியின் முகம் தெரியாத படை எங்கே கிளம்பும்?

ரத்தம் ஓடாத இடத்தில் ஆக்சிஜன் குறைவதும், லாக்டிக் அமிலம் தேங்குவதும், அந்தச் சூழலில் டி செல்கள் சோர்ந்துபோவதும், விழுங்கணுக்கள் கட்டிக்கு அனுசரணையாக மாறிப்போவதும் பலமுறை எழுதப்பட்ட கதைகள். அவற்றை இங்கே விரிக்கவில்லை. எனக்கு ருசி, விசை நேரடியாகச் செல்லைத் தொடும் இடங்களில்.

டி செல் ஒன்று கட்டியை நோக்கி ஊர்ந்து வருவதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 7 மைக்ரோமீட்டர் விட்டம். நிணநீர்க் கணுவின் தளர்வான வலைக்குள் அது நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் நகரும். இத்தனை சின்ன உயிருக்கு அது ஓட்டம். அதன் உடம்பு இளக்கமானது, எந்த இடுக்கிலும் ஒழுகிப் போய்விடும். ஒழுக மறுப்பது கரு. டி செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது கருதான், மரபுப் பொருள் முழுக்கச் சுருட்டி வைத்த மூட்டை. 2013இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் பீட்டர் ஃப்ரீட்ல் குழு, விதவிதமான நெருக்கத்தில் கொலாஜன் வலைகளைச் செய்து, எந்தச் செல் எந்தத் துளைவரை நுழையும் என்று அளந்தது. புற்றுச் செல்லுக்கு எல்லை 7 சதுர மைக்ரோமீட்டர், டி செல்லுக்கு 4, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவுக்கு 2. கரு தன் சாதாரணக் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்காக நசுங்குகிற வரைக்கும் செல் விடாமல் முயல்கிறது. அதற்குக் கீழே போனால் நின்றுவிடுகிறது.

4 சதுர மைக்ரோமீட்டர் என்றால் விட்டம் சுமார் இரண்டே கால் மைக்ரோமீட்டர்தான். 7 மைக்ரோமீட்டர் உடம்பு அதற்குள் புகுந்து மறுபக்கம் உயிரோடு வருகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். புற்றுச் செல்லுக்குப் போதாத துளையிலும் டி செல் நுழையும் என்பதையும் கவனிக்க வேண்டும். பிறவியிலேயே டி செல்லுக்கு இந்த ஓட்டத்தில் முன்னிலை இருக்கிறது. புற்றுச் செல்லிடமோ, வழியில் உள்ள இழைகளை அறுத்துத் துளையைப் பெரிதாக்கும் நொதிகள் இருக்கின்றன. டி செல் பெரும்பாலும் அறுக்காது, இருக்கும் வழியைத் தேடியே போகும். வழியை இறுக்கினால் முதலில் தோற்பது அதுதான்.

துளையின் அளவு மட்டும் இல்லை, இழைகளின் திசையும் முக்கியம். 2012இல் பாரிஸில் எமானுவேல் டொனாடியூ குழு நோயாளிகளின் நுரையீரல் கட்டிகளை உயிரோடு மெல்லிய சீவல்களாக்கி, அவற்றில் டி செல்கள் நகர்வதைப் படம் பிடித்தது. இழை தளர்வாக உள்ள இடத்தில் அவை வேகமாகத் திரிகின்றன. புற்றுச் செல் திட்டுகளைச் சுற்றிலோ இழைகள் அடர்ந்து, திட்டின் விளிம்புக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. டி செல் இழையைப் பிடித்துக்கொண்டு போகும் வழக்கம் உடையது. இழை எப்படிப் போகிறதோ அப்படியே அதுவும் போகிறது. ஆகையால் திட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர உள்ளே திரும்புவதில்லை. கொலாஜனைக் கரைக்கும் நொதியை விட்டதும் டி செல்கள் புற்றுச் செல்களைப் போய்த் தொட்டன. யாரும் அவற்றுக்குப் புது வீரம் ஊட்டவில்லை.

தொட்ட பிறகும் விசையின் கதை முடியவில்லை. இங்கேதான் மிக நுணுக்கமான முரண் ஒன்று இருக்கிறது. கொல்லும் டி செல், இலக்கை ஒட்டிக்கொண்டு பெர்ஃபோரின் என்ற துளையிடும் புரதத்தைக் கக்குகிறது. துளை விழுந்தால் அதன் வழியாகச் சாவு நொதிகள் உள்ளே போகும். இது முழுக்க வேதியியல் வேலை என்றே நினைத்திருந்தோம். 2016இல் நியூயார்க்கில் மார்கன் ஹ்யூஸ் ஆய்வகம், டி செல் கக்குவதோடு நிற்காமல் இலக்கின் தோலைத் தள்ளி இழுக்கிறது என்று காட்டியது. எந்த இடத்தில் விசையோ அந்த இடத்தில்தான் பெர்ஃபோரினும் வெளியாகிறது. விறைப்பான சவ்வில் துளை சுலபமாக விழுகிறது, தொளதொளத்த சவ்வில் விழுவதில்லை. ஆகவே டி செல் முதலில் இழுத்து விறைப்பாக்கி, பிறகு துளைக்கிறது. இத்தனை சின்ன செல்லுக்குள் இப்படி ஒரு கைவினை!

முரண் என்றேனே, அது இதுதான். கட்டி கல்லாக இருக்கிறது. கட்டிக்குள் இருக்கும் புற்றுச் செல்லோ, பெரும்பாலும், நல்ல செல்லைவிட மெத்தென்றிருக்கிறது. விரலுக்குத் தட்டுப்படும் கடினம் நார் தந்தது. உள்ளே இருக்கும் செல் இளகியது, இழுத்தால் விறைக்காமல் கூடவே வரும். வெளியே நுழையவிடாத இறுக்கம், உள்ளே துளைபடாத இளக்கம். 2021இல் சுவிட்சர்லாந்தின் லி டாங் குழு, புற்றுச் செல் சவ்வில் கொழுப்புப் பொருளான கொலஸ்டிராலைக் குறைத்து அதை விறைப்பாக்கிப் பார்த்தது. டி செல்கள் கொல்லும் திறம் கூடியது. மருந்து டி செல்லுக்குக் கொடுக்கப்படவில்லை. இலக்கின் தோல் மட்டும் விறைத்தது, அவ்வளவே.

டி செல் தான் நசுக்கப்படுவதை உணரவும் செய்கிறது. 2010இல் அமெரிக்காவில் ஆர்டெம் பட்டாபூட்டியன் ஆய்வகத்தில் பெர்ட்ராண்ட் கோஸ்ட் ஒரு செல்லை நுண்ணிய கண்ணாடி முனையால் குத்திக் குத்தி, ஒவ்வொரு மரபணுவாக அணைத்து, எதை அணைத்தால் குத்து உறைக்காமல் போகிறது என்று தேடினார். 72ஆவது மரபணுவில் விடை கிடைத்தது. அதுதான் பியட்ஸோ 1, அழுத்தம் பட்டால் திறந்து கால்சியத்தை உள்ளே விடும் வாயில். பட்டாபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு வந்தது. அளவோடு திறந்தால் அந்த வாயில் டி செல்லைத் தட்டி எழுப்ப உதவுகிறது. கட்டிக்குள் ஓயாமல் விசை பட்டுக்கொண்டே இருந்தால் கதை திரும்பிவிடுகிறது. பியட்ஸோ 1 வழியாக வரும் சமிக்ஞை, டி செல்லின் களைப்பை முற்றச் செய்யும் ஓ.எஸ்.ஆர். 2 என்ற மரபணுவை எழுப்பிவிடுகிறது என்று 2024இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். எழுப்புவதும் அதே வாயில், ஓய்த்துவிடுவதும் அதே வாயில்.

இனி, எனக்கு இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விடப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் அரையில் நெறி கட்டும். தொண்டை புண்ணானால் தாடைக்குக் கீழே கட்டும். கிருமி வந்ததும் நிணநீர்க் கணு சில நாளிலேயே பல மடங்கு பெருக்கிறது. அதுவும் வளர்ச்சிதான், அங்கும் செல்கள் நெருக்கியடிக்கின்றன. அப்படியானால் நெறி கட்டும்போது கணுவுக்குள் வழிகள் ஏன் அடைபடுவதில்லை? கணுவின் உள்ளே நார்வலை ஒன்று உண்டு. அதைப் பின்னியிருக்கும் செல்கள் எப்போதும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கின்றன. கிருமிச் செய்தியோடு வரும் டென்ட்ரைட் செல் தன் மேற்பரப்பில் உள்ள கிளெக் 2 என்ற புரதத்தால் அந்த வலைச் செல்லைத் தொடுகிறது. தொட்டதும் வலை பிடியைத் தளர்த்துகிறது. 2014, 2015 ஆண்டுகளில் இரு குழுக்கள் இதைக் கண்டன. செய்தி கொண்டுவருகிறவரே, படை பெருக இடமும் கேட்டு வாங்குகிறார்! வளர்ச்சிக்கு முன்பே இளக்கம் ஏற்பாடாகிவிடுகிறது. நெறி வலித்தாலும், விரலுக்குக் கொஞ்சம் மெத்தென்று நழுவுகிறது. சில வாரத்தில் வடிந்தும் போகிறது. புற்று பரவிய கணு பெரும்பாலும் வலிப்பதில்லை, நழுவுவதில்லை, வடிவதில்லை. மருத்துவர்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பதே இந்த வேறுபாட்டைத் தேடித்தான்.

கணுவுக்குள் டி செல்கள் ரத்தத்திலிருந்து எப்படி வருகின்றன என்பதை 1964இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸும் நைட்டும் எலிகளில் கண்டுபிடித்தார்கள். தனியாகச் சில சிரை நுண்குழாய்கள் உண்டு. மற்ற குழாய்களின் உள்தோல் தட்டையாக இருக்கும். இவற்றின் உள்தோல் செல்கள் தடித்து, உயர்ந்து, குழாயின் உள்வாய்வரை புடைத்திருக்கும். இவைதான் வாசல். ரத்தத்தில் அடித்துக்கொண்டு போகும் டி செல், எல் செலக்டின் என்ற பிடியால் அந்தத் தோலை லேசாகப் பற்றி உருள்கிறது. உருளும்போது தோலில் பூசியிருக்கும் வேதி அழைப்பை முகர்கிறது. உடனே இன்னொரு பலமான பிடி விழுந்து நிற்கிறது. பிறகு தடித்த செல்களுக்கு நடுவே நுழைந்து கணுவுக்குள் இறங்குகிறது. இத்தனையும் பெரும்பாலும் அரை மணிக்குள்.

இதில் ஒரு நுட்பம், 1996இல் தெரிய வந்தது. எல் செலக்டின் பிடிக்க ரத்தம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டத்தின் வேகம் ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் பிடி நழுவி, உருள்வது நின்றுவிடுகிறது. நாம் எதிர்பார்ப்பது நேர்மாறாக: ஓட்டம் மெதுவானால் பற்றுவது சுலபம் என்று. இங்கே இழுப்பு இருந்தால்தான் பிடி. அந்தத் தடித்த தோலும் சும்மா கிடைத்ததில்லை. கணுவுக்குள் வரும் நிணநீரை நிறுத்தினால் சில நாளில் அது தட்டையாகிவிடும் என்பதும் பழைய சோதனைகளில் தெரிந்தது. ஓடும் ரத்தம், வந்துகொண்டிருக்கும் நிணநீர் இரண்டையும் நம்பி நிற்கும் வாசல் அது. அதன்மேல் பக்கவாட்டில் ஒரு பாரம் ஏறினால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அதை ஊகமாக விட்டுவைக்காமல் செய்து காட்டியதும் படேராதான். டிப்தீரியா நச்சுச் சோதனைக்கு 17 ஆண்டுகள் கழித்து, 2021இல், சொந்த ஆய்வகத்தின் தலைவராக. மார்பு, பெருங்குடல், தலை கழுத்துப் புற்று உள்ளவர்களின் நிணநீர்க் கணுக்களில் புற்று குடியேறிய திட்டுகளை அவர் குழு பார்த்தது. கணு என்பது டி செல்களின் சொந்த ஊர். திட்டுக்கு வெளியே அவை ஆயிரக்கணக்கில் மொய்த்திருந்தன. திட்டுக்குள் ஏறக்குறைய வெறுமை. தங்கள் வீட்டு நடுக்கூடத்தில் எதிரி குடியிருக்க, அவை எட்டிக்கூடப் போகவில்லை. திட்டு வளர வளர அதன் திண்ம அழுத்தம் கணுவைத் தாக்குகிறது, வேலை செய்யும் தடித்த சிரை நுண்குழாய்கள் எண்ணிக்கையில் குறைகின்றன. மார்புப் புற்று கணுவுக்குப் பரவிய எலிகளில் அந்த அழுத்தத்தைத் தணித்தபோது, திட்டுக்குள் வந்த, டி செல்கள் உள்ளிட்ட நிணநீர் வெள்ளணுக்கள் சுமார் 15 மடங்கு கூடின.

அழுத்தத்தைத் தணிக்க எடுத்த மருந்து லோசார்டன். ஆம், நம் வீடுகளில் பெரியவர்கள் காலையில் போட்டுக்கொள்ளும் அதே பிரஷர் மாத்திரை. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனின் வாயிலை அது அடைக்கிறது. ரத்தக் குழாயில் அதனால் பி.பி. இறங்குகிறது. நார் பின்னும் செல்களிலோ, கொலாஜனும் ஹயலூரோனனும் உற்பத்தியாவது குறைகிறது. 2013இல் ஜெயின் குழு எலிகளில் இதைக் காட்டியது: கட்டியின் நார் இளகுகிறது, நசுங்கிய குழாய்கள் திறக்கின்றன, கீமோ மருந்து உள்ளே போகிறது. பின்னர் கணையப் புற்று முற்றி அறுக்க முடியாது என்று சொல்லப்பட்ட 49 பேருக்கு, கீமோவோடும் கதிர்வீச்சோடும் லோசார்டனைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குக் கட்டியை மிச்சமில்லாமல் அறுத்தெடுக்க முடிந்தது என்று 2019இல் அறிக்கை வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பி.பி. ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் புற்றுநோயாளி இதைத் தானே வாங்கி விழுங்கினால் ஆபத்து என்பதையும் அழுத்திச் சொல்கிறேன்.

இறுக்கத்தைக் கழற்றுவதில் கை மீறியவர்களும் உண்டு. கணையக் கட்டியில் நார் பின்னும் செல்களை 2014இல் இரண்டு குழுக்கள் எலிகளில் பெருமளவு குறைத்துப் பார்த்தன. கட்டி சுருங்கவில்லை, இன்னும் மூர்க்கமாயிற்று, எலிகள் சீக்கிரமே செத்தன. அந்த நார், டி செல்லைத் தடுத்ததோடு புற்றையும் கொஞ்சம் கட்டிப்போட்டிருந்தது. ஹயலூரோனனை நொதியால் கரைக்கும் மருந்து ஒன்று பெரிய மனிதச் சோதனைவரை போய் 2019இல் தோற்றது. இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லோசார்டனின் அடக்கம் புரிகிறது. அது நாரை அழிப்பதில்லை, நார் செல்களைக் கொல்வதில்லை, இழுத்துக் கட்டும் வேகத்தை மட்டும் தணிக்கிறது.

அந்த 49 பேரில் அறுவை செய்துகொண்டவர்களின் கணையத் திசுவை, லோசார்டன் இல்லாமல் அதே சிகிச்சை பெற்றவர்களின் திசுவோடு ஒப்பிட்டு 2023இல் ஓர் ஆய்வு வந்தது. எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் லோசார்டன் பெற்றவர்களின் திசுவில் குறைந்திருந்தன. எதிர்ப்பை முடக்கும் மரபணுக்களின் குரலும் தணிந்திருந்தது. எத்தனை மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்ற வரைபடத்தைவிட இந்தச் செய்தியை நான் அதிகம் மதிக்கிறேன். பிரஷருக்கென்று செய்த ஒரு மாத்திரை, மனித உடம்பில், கட்டிக்குள் எந்த வகை டி செல் எத்தனை இருக்கிறது என்பதையே மாற்றியிருக்கிறது.